கூட்டத்தின் பக்கம் ஒரு மைக்

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு திருவிழா இசை நிகழ்ச்சி முடிந்தால் மறுநாள் காலையிலேயே அது யூடியூபில் ஏறிவிடுகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கீபோர்டு துல்லியம், ரிதம் பேட் துல்லியம், பாடகி மூச்சு வாங்குவது வரைக்கும் துல்லியம். பாட்டு முடிகிறது, ஒரு கைதட்டல் கிடையாது. அடுத்த பாட்டு தொடங்குகிறது. மைதானம் நிறைய ஆட்கள் நின்று, ஆடி, விசிலடித்து, இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கத்திய ராத்திரி அது. பதிவில் ஒருத்தரும் இல்லை.

இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ‘க்ளீன் ஆடியோ’ என்று தலைப்பிலேயே பெருமையாகப் போடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை. இப்படிப் பதிவு செய்வதாக இருந்தால் நிகழ்ச்சியையே நடத்த வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து வாசித்து ஏற்றிவிடலாம் என்பது என் கட்சி.

நான் இந்த மலையில் மைக் செட் தொழில் செய்பவன். அப்பா இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்துக்காரர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் டேன்டீ என்று சொல்வோம், கவாத்து வெட்டினார். அங்கிருந்து வந்தவர்களோடு சிலோன் பாப் பாட்டும் பைலா தாளமும் சேர்ந்து வந்தன. ‘சுராங்கனி’ கேட்டு ஆடாத லைன் வீடு கிடையாது. அந்த ஆட்டத்துக்குப் பெட்டி கட்டப் போய்த்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கல்யாணம், காதுகுத்து, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, மாதா கோயில் திருவிழா, படுகர் ஊர்களான ஹட்டிகளின் விழா, கட்சிக் கூட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் பாக்ஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன்.

இத்தனை காலத்தில் மேடை எப்படி மாறியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் மெல்லிசைக் குழு என்றால் வயலின், கிடார், தபேலா, டோலக், காங்கோ என்று மேடை கொள்ளாமல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எண்பதுகளில் ரோலண்டு கம்பெனியின் ஆக்டோபேட் வந்தது. எட்டு ரப்பர் கட்டம், இரண்டு குச்சி. தபேலா வேண்டுமென்றால் தபேலா, உருமி வேண்டுமென்றால் உருமி. அப்புறம் தாளத்தையும் தானே போட்டுக்கொள்ளும் கீபோர்டு வந்தது. இப்போது ஒரு கீபோர்டு, ஒரு பேட், ஒரு லேப்டாப், இரண்டு பாடகர் இருந்தால் குழு முழுசு. பெர்லினில் வாசித்தால் எலக்ட்ரானிக் மியூசிக் என்கிறார்கள், பெட்டட்டியில் வாசித்தால் ஆர்க்கெஸ்ட்ரா என்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஓடுவது மின்சாரம்தான்.

நம் நாட்டு மின்னணு இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அகமதாபாத்திலிருந்து தொடங்குவார்கள். 1969இல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் மூக் சின்தசைசரை வைத்து ஒரு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். 1972 வரை அங்கே பதிவான நாடாக்கள் பல பத்தாண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அடுத்து 1982இல் பம்பாய்க்காரர் சரண்ஜித் சிங் ரோலண்டு இயந்திரங்களில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டுப் போட்டார். அப்போது சீந்துவாரில்லை. 2010இல் மறுபடி வெளிவந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய மனிதரை ஐரோப்பிய மேடைகளுக்குக் கூட்டிப்போய் வாசிக்க வைத்தார்கள். 2015இல் காலமானார். நம் பக்கம் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியில் இசை அமைத்தது எல்லோருக்கும் தெரியும்.

எல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் எல்லாமே கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் நடந்தவை. மின்னணு இசையைச் சனங்களுக்கு நடுவில், மழைக்கும் பனிக்கும் கீழே, நேரடியாக வாசித்தவர்கள் கல்யாண மண்டபத்துக் குழுக்கள். அவர்களைப் பற்றி எந்த வரலாறும் பேசக் காணோம். பதிவும் இப்படி ஆளில்லாமல் இருந்தால் இனிமேலும் பேசப்போவதில்லை.

இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. எங்களோடு வரும் கீபோர்டுத் தம்பிகளே கேட்கிறார்கள்: “அண்ணே, இது என்ன கர்நாடகக் கச்சேரியா, ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி பாட? ரிதம் ஏற்கெனவே போட்டு வச்சது. மேடையில தட்டினாலும் அதே சத்தம், வீட்ல தட்டினாலும் அதே சத்தம். இதுல நேரடிப் பதிவுக்கு என்னண்ணே வேலை?”

கேள்வி சரியானது. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. இயந்திரம் ஒவ்வோர் இரவும் ஒரே மாதிரி வாசிக்கிறது என்றால், அந்த இரவில் புதிதாக இருப்பது யார்? கேட்க வந்தவர்கள். அவர்களையும் வெளியே தள்ளிவிட்டால் பதிவு செய்ய என்ன மிச்சம்?

இதைப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு இரட்டையர் ரோபோ மாதிரி தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு பிரமிடுக்குள் நின்று வாசிப்பார்கள். முகம்கூடத் தெரியாது. 2007 ஜூன் 14 அன்று பாரிஸ் பெர்சி அரங்கில் அவர்கள் வாசித்ததை அப்படியே ‘அலைவ் 2007’ என்று தட்டாக்கினார்கள். புதுப்பாட்டு எதுவும் கிடையாது. தங்கள் பழைய பாட்டு ஒன்றின் தாளத்தின் மேல் இன்னொன்றின் குரலைத் தூக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் எந்தப் பாட்டு என்று கூட்டம் கண்டுபிடிக்கும் நொடி இருக்கிறதே, அப்போது ஒரு கூச்சல் எழும்புகிறது பாருங்கள்! அந்தத் தட்டின் சங்கதியே அதுதான். 2009இல் கிராமி விருது வாங்கியது. கூச்சலைக் கழித்துவிட்டால் அது பழைய பாட்டுகளை ஒட்டிய கலவை.

ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் இன்னும் ஒரு படி மேலே. நான்கு பேர் வரிசையாக மேசை முன்னால் அசையாமல் நிற்பார்கள். 2004இல் உலகம் சுற்றி வாசித்ததை ஊர் ஊராகப் பொறுக்கி, மறு வருடம் ‘மினிமம்-மேக்சிமம்’ என்று வெளியிட்டார்கள். டோக்கியோவில் ஒரு பாட்டை ஜப்பானிய மொழியிலேயே பாடியிருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் வரவேற்பு வார்சாவில் கிடைக்காது. இயந்திர மனிதர்கள் என்று பெயர் எடுத்தவர்களே ஊருக்கு ஊர் கூட்டத்தின் குரலைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

சின்தசைசர் கலைஞர் ஜான் மிஷேல் ஜார் கதை வேறு வகை. 1981 அக்டோபரில் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் ஐந்து கச்சேரி. மாவோ காலத்துக்குப் பின் அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் மேற்கத்திய பாப் கலைஞர் அவர்தான். அவருடைய சின்தசைசர்களுக்கும் லேசர் கதிர்களுக்கும் மின்சாரம் போதாமல் சுற்றுவட்டாரத்துக்கு விளக்கை அணைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். எங்கள் மேடைக்கும் மின்சாரம்தான் தலைவலி என்பதால், அதைக் கேட்டதும் எனக்கு நெருக்கமாகிவிட்டார். 1982இல் அது இரட்டைத் தட்டாக வந்தது. நேரடிக் கச்சேரி என்று பெயர் இருந்தாலும் ஸ்டுடியோவில் செய்த துண்டுகளும் நடுநடுவே உண்டு. அதற்காக நான் அவரோடு சண்டை போடமாட்டேன். கொஞ்சம் ஒட்டுப்போடாத நேரடித் தட்டு உலகத்திலேயே குறைவு. ஒட்டுப்போட்டாலும் சீனத்துச் சனங்களை அவர் வெட்டி எறியவில்லை.

வெளிநாட்டை விடுங்கள். பழைய சபா நாடாக்களை ரசிகர்கள் எப்படிப் பொத்திப் பாதுகாக்கிறார்கள்? மதுரை மணி ஐயர் கச்சேரி ஒன்று கைமாறிக் கைமாறி வந்தால், அதில் முன் வரிசையிலிருந்து யாரோ “பலே” என்று சொல்வது, இருமுவது, கடைசியில் இங்கிலீஷ் நோட்டுக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் கச்சேரி. அந்த இருமலை எடுத்துக் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்க் காதுக்கு இது பழக்கமான விஷயம். கீபோர்டு வந்ததும் ஏன் மறந்துபோனோம் என்றுதான் புரியவில்லை.

புரியவில்லை என்று சும்மா சொன்னேன். காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் மேசையில்தான் இருக்கிறது. மிக்சர். முன்பு அதிலிருந்து பாக்ஸுக்கு மட்டும் வயர் போகும். இப்போது ஒரு வயரை லைன் அவுட்டில் செருகி ரெக்கார்டரிலோ லேப்டாப்பிலோ விட்டால் தீர்ந்தது. சில மிக்சரில் பென் டிரைவையே செருகலாம். மேடையில் மைக் வைத்த சத்தமும் வயரில் வரும் சத்தமும் மட்டும் பதிவாகும். கூட்டத்துக்கு நாங்கள் மைக் வைப்பதில்லை; ஆகவே கூட்டம் இல்லை.

தொண்ணூறுகள் வரை இப்படிக் கிடையாது. குழுவில் யாராவது ஒரு டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை மேடைக்கு எதிரே நாற்காலியில் வைத்து, ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டுப் போவார்கள். அதன் வயிற்றிலிருக்கும் ஒரு சின்ன மைக்தான் எல்லாம். குரல் இரைச்சலாக இருக்கும், கீபோர்டு தகரத்தில் தட்டியது போலக் கேட்கும். இருந்தும் அந்தக் காலத்துக் கேசட் ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். தோட்டத்துத் திருவிழா. மூன்றாவது பாட்டுக்கு நடுவில் ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது. கீபோர்டு போச்சு, மைக் போச்சு, விளக்கும் போச்சு. டேப் ரெக்கார்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று நொடி “ஓ” என்று கூச்சல். பிறகு முன்வரிசைப் பெண்கள் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடிக்கிறார்கள். பின்னாலிருந்து ஆண்கள் தகர டின்னோ நாற்காலியோ, எதையோ தட்டித் தாளம் போடுகிறார்கள். ஒரு சரணம் முழுக்க அப்படியே போகிறது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்ததும் கீபோர்டுக்காரர் அவசரமாகத் தாளத்தைப் போடுகிறார், சனங்களின் தாளம் அதற்குள் வேகம் ஏறியிருக்கிறது. இரண்டும் ஒட்டவில்லை. அவர் நிறுத்திவிட்டு, கூட்டத்தின் வேகத்துக்குப் பொத்தானை ஏற்றி வைத்து மறுபடி தொடங்குகிறார். இயந்திரத்தைச் சனங்கள் இழுத்துக்கொண்டு போன இடம் அது. அன்றைக்கு மிக்சரிலிருந்து பதிவு செய்திருந்தால் அந்தச் சரணம் இருக்கும் இடத்தில் ஒன்றுமே இருந்திருக்காது.

(1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்த மலை இது. எங்கள் மேடைக்கு மட்டும் இன்றைக்கும் டீசல் வாங்க வேண்டியிருக்கிறது.)

மலைக்கென்று வேறு சங்கதிகளும் உண்டு. திறந்தவெளியில் பாடினால் எதிர்ச் சரிவிலிருந்து சத்தம் திரும்பி வரும். சரிவு 170 மீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப ஒரு நொடி. எந்த எக்கோ மெஷினும் தராத எக்கோ அது. ஹட்டிக்கு ஹட்டி வேறுபடும். குளிர் இன்னொன்று. பழைய அனலாக் சின்தசைசர்கள் குளிரில் சுருதி நகர்ந்துவிடும், அதனால் முதலிலேயே போட்டுச் சூடாக்குவார்கள். இன்றைய கீபோர்டு அசையாது. ஆனால் பக்கத்தில் வாசிக்கும் குழல் அசையும். காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறைகிறது. பத்து டிகிரி இறங்கினால் ஊது வாத்தியத்தின் சுருதி கிட்டத்தட்ட அரை சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கப் பார்க்கும். இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்களின் கொள் என்ற குழலோடு ஒரு கீபோர்டுத் தம்பி பனிக்காலத்து விழாவில் சேர்ந்து வாசிக்கப் பார்த்ததை நான் கண்டேன். கொள்ளின் சுர இடைவெளிகளே கீபோர்டுக் கட்டைகளுக்கு அடங்குபவை அல்ல. குளிரும் சேர்ந்துகொண்டது. தம்பி பிட்ச் வீலை உருட்டி உருட்டிக் குழலைத் துரத்தினார். கடைசி வரை பிடிக்க முடியவில்லை. கேட்டவர்களுக்கு அதுதான் அன்றைய சுவாரசியம். கோத்தர் இசையை நெடுங்காலம் ஆராய்ந்து 2005இல் பெரிய புத்தகம் எழுதிய ரிச்சர்ட் வுல்ஃப், அந்த இசையை அது நடக்கும் இடத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் பிரித்தே பார்க்கவில்லை. வெளிநாட்டு ஆய்வாளருக்குத் தெரிந்தது இங்கேயே பிறந்த எங்களுக்குத் தெரிய வேண்டாமா?

இப்போது சிலர் வேறொரு தந்திரம் செய்கிறார்கள். கீபோர்டுகளின் பொதுவான ஒலி வரிசை ஒன்று உண்டு, ஜெனரல் மிடி என்பார்கள். அதில் 126ஆவது ஒலி ஹெலிகாப்டர், 127ஆவது கைதட்டல், 128ஆவது துப்பாக்கிச் சத்தம். பாட்டு முடிந்ததும் 127ஐ அழுத்தி, பதிவில் கைதட்டலை ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அதே ஆட்கள் அதே மாதிரி தட்டுகிறார்கள். எதிரே நிஜமாகவே தட்டிக்கொண்டிருக்கும் மனிதர்களை விட்டுவிட்டு ஜப்பானில் பதிந்த கையொலியைப் போடுவதற்குப் பதில் சும்மா விட்டுவிடலாம்.

கூட்டத்து மைக் வேண்டாம் என்பதற்கு வெளியே சொல்லாத காரணமும் ஒன்று இருக்கிறது. பல நிகழ்ச்சிகளில் ட்ராக்கை ஓடவிட்டு வாயசைக்கிறார்கள். லைன் அவுட் பதிவில் அது பிடிபடாது. கூட்டத்தின் பக்கம் மைக் இருந்தால், “பாடுப்பா, பாடு!” என்று ஒரு பெரியவர் கத்துவது பதிவாகிவிடும். அதற்காகவே இரண்டு மைக் வைக்கலாம்.

சத்தம் பற்றிய கவலையும் வருகிறது. இது நியாயமான கவலை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கென்று நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 என்று வரம்பு. தேயிலைக்குள்ளேயே காட்டெருமை நிற்கும் மலையில் இந்த விதிகளை நான் முழு மனதாக ஆதரிக்கிறேன், என் பிழைப்பைக் கொஞ்சம் கடித்தாலும். அதோடு ஒரு தொழில் உண்மை: பாக்ஸை அலறவிட்டால் கூட்டத்து மைக்கில் பாக்ஸ்தான் விழும், ஆள் குரல் விழாது. சத்தத்தைக் குறைத்து வைக்கும் மைதானத்தில்தான் நல்ல நேரடிப் பதிவு கிடைக்கும்.

செய்வதும் கடினமில்லை. மேடையின் இரண்டு ஓரத்திலும், பாக்ஸ் வரிசைக்குப் பின்னால், சனங்களைப் பார்த்து ஒவ்வொரு மைக். பணமில்லையென்றால் இரண்டு செல்போன் போதும். காற்றுக்குப் பஞ்சு உறை போடுங்கள். அதைத் தனியாகப் பதிவு செய்து, பிற்பாடு மிக்சர் பதிவோடு சேருங்கள். மைக்கைத் தூரத்தில் பின்வரிசையில் வைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒலி 34 மீட்டர் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு எடுக்கும், அந்த அளவுக்கு அந்தப் பதிவை முன்னால் நகர்த்தாவிட்டால் பாட்டு இரட்டையாகக் கேட்கும். பாட்டுக்கு நடுவில் கூட்டத்தைத் தணித்து வையுங்கள், முடிவில் ஏற்றுங்கள். கெட்ட வார்த்தை விழுந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஒட்டுப்போடுவது பாவமில்லை என்று முன்பே சொன்னேன். குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழா தொடங்கி அடுத்து வரும் கோடை விழா வரைக்கும் எத்தனையோ மேடை இருக்கிறது. குழுக்காரர்களும் என் தொழில்காரர்களும் ஒரு தடவை செய்துவிட்டு, பழைய ‘க்ளீன்’ பதிவையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அப்புறம் பேசலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்து லைன் வீடுகளிலும் ஹட்டிகளிலும் அலமாரி மேல் இன்னும் அந்த நாற்காலிக் கேசட்டுகள் கிடக்கின்றன. மேலே வெறும் ‘மெல்லிசை’ என்றோ ‘கல்யாணம்’ என்றோ எழுதியிருக்கும். இந்த மலையின் ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது. வெள்ளை படிந்த கேசட்டை நேராக மெஷினில் போடாதீர்கள். நாடாவும் போகும், மெஷினின் ஹெட்டும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டுதானே, அதுதான் செல்போனிலேயே இருக்கிறதே என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஊர்ப் பெயரையும் வருடத்தையும் மேலே எழுதி வையுங்கள். இரைச்சலை எடுத்துத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.